காலிக் குடத்தைக் கண் கண்டுகொள்ளும்: திரையில் உடலை மெய்யாக்கும் வழிகள்

நான் எடுத்த முதல் குறும்படத்தில், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வீடு திரும்பும் காட்சி ஒன்று உண்டு. நடித்தவர் திறமையானவர்; முகத்தில் களைப்பும் கவலையும் மிகையின்றி வந்திருந்தன; மாலை வெயிலும் கைகொடுத்திருந்தது. வீட்டில் அதைப் போட்டுக் காட்டியபோது, கோடை முழுக்க அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து எங்களை வளர்த்த என் அம்மா, அந்தப் பெண் நாலடி நடப்பதற்குள், "குடத்துல தண்ணி இல்லையேப்பா" என்றார். உண்மைதான். திரும்பத் திரும்ப நடக்கவேண்டியிருக்குமே, நடிகைக்குச் சிரமம் வேண்டாமே என்று நானேதான் காலிக் குடத்தைக் கொடுத்திருந்தேன். குடத்தின் வாய் எந்த ஷாட்டிலும் தெரியவில்லை. அம்மா பார்த்தது அந்தப் பெண்ணின் இடுப்பை.

அன்றிலிருந்து உடலைக் குறித்து நான் கற்றுக்கொண்டவற்றை, குறும்படம் எடுப்பவர்களுக்கும், நடிக்க வருபவர்களுக்கும், உதவி இயக்குநர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். காயம், ரத்தம், உயரம், நெருப்பு ஆகியவற்றைப் பொய்யாகச் செய்துகொள்ளலாம். பார்ப்பவர் அதை மன்னித்துவிடுவார். எடை, மூச்சு, கைப்பழக்கம் ஆகிய மூன்றும் பொய்யானால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாமலேயே அவர் படத்திலிருந்து விலகிவிடுவார். ஆகவே பணமும் நேரமும் குறைவாக இருக்கும்போது, இருப்பதை இந்த மூன்றுக்கே முதலில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இது என் அம்மாவைப் போன்ற அனுபவசாலிகளுக்கு மட்டும் உரிய கண் அன்று. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் யோஹான்சன், மனிதர்களின் மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருட்டில் நடக்கவிட்டுப் படமாக்கிய சோதனைகளை 1973இல் வெளியிட்டார். முகமோ உடையோ உருவக்கோடோ தெரியாது; கறுப்புத் திரையில் ஒரு டஜன் புள்ளிகள் அசையும், அவ்வளவுதான். ஆனாலும் நடப்பது ஒரு மனிதர் என்று பார்த்தவர்கள் ஒரு நொடிக்குள் கண்டுகொண்டார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அதே வழியில் ஆய்வைத் தொடர்ந்த ஸ்வெர்க்கர் ரூனெசனும் அவருடன் பணிபுரிந்தவரும், பெட்டி தூக்குபவரின் ஒளிப்புள்ளிகளை மட்டும் பார்த்தே பெட்டியின் எடையை மதிப்பிட முடிகிறது என்று காட்டினார்கள். நடிகர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இதற்கு அடுத்து வருகிறது: தூக்குபவர் எடையை மிகைப்படுத்தி நடித்தபோது, அவர் ஏமாற்ற முயல்கிறார் என்பதையும் பார்த்தவர்கள் உணர்ந்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு காலிப் பெட்டியைத் தூக்கும் நடிகர், தன் பொய்யைத் தானே அறிவித்துக்கொள்கிறார்.

எடை

குடத்தையே எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் புழங்கும் நடுத்தரமான பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்தால், அதன் எடை 15 கிலோ. பழகிய பெண் அதை ஒரே வீச்சில் இடுப்புக்கு ஏற்றமாட்டார். முதலில் கால்களைச் சற்று அகட்டிக்கொண்டு குனிவார். ஒரு கை கழுத்தைப் பிடிக்க, மறுகை அடியைத் தாங்க, குடம் முதலில் தொடைக்கு வரும். அங்கே அரை நொடி நிற்கும். பிறகு தொடையால் ஓர் உந்து கொடுக்க, அது இடுப்பில் போய் உட்காரும். அந்தக் கணத்தில் மேலுடம்பு குடத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது, வெறுங்கை உடலை விட்டு விலகி வெளியே நீள்கிறது, அடிகள் குட்டையாகின்றன. தண்ணீர் தளும்பிப் புடவையின் ஒரு பக்கத்தை நனைக்கிறது. தளும்பாமலிருக்கச் சிலர் மேலே ஓர் இலையை மிதக்கவிடுவார்கள். இறக்கும்போது முழங்கால் மடிந்த பிறகே குடம் இறங்கும். அடியின் ஒரு விளிம்பு முதலில் தரையைத் தொட, பிறகு மெல்ல நிமிரும். இறக்கியபின் அவர் கை தன்னையறியாமல் இடுப்பைத் தடவும். காலிக் குடத்தோடு இவற்றை ஒவ்வொன்றாக நினைவில் வைத்து நடிக்க எவராலும் முடியாது. தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டால் இவற்றில் எதையும் நினைவூட்ட வேண்டியதில்லை, உடம்பே செய்துவிடும்.

எனவே ஒத்திகையின் முதல் நாள் முழு எடையோடுதான் நடக்க வேண்டும். நடிகர் அந்தப் பொருளைத் தூக்கி, சுமந்து, இறக்கி, மறுபடி தூக்கட்டும்; வசனம் எதுவும் அன்று வேண்டாம். அதைச் செல்பேசியில் தலை முதல் கால் வரை பதிவுசெய்யுங்கள். பிறகு முகம் இருக்கும் இடத்தை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, ஒலியையும் அணைத்துப் பாருங்கள். எந்தத் தசை எப்போது இறுகுகிறது, எந்தக் கால் முதலில் நகர்கிறது, எங்கே மூச்சை நிறுத்துகிறார் என்பதெல்லாம் அப்போது தெரியும். இந்தப் பதிவுதான் படப்பிடிப்பு முழுவதற்கும் உங்கள் அளவுகோல்.

படப்பிடிப்பு நாளில் இருபது முறை முழு எடையைத் தூக்கச் சொல்வது அநியாயம், முதுகு போய்விடும். தூக்குவதும் இறக்குவதும் தெரியும் ஷாட்டுகளை முதலில், உடம்பு சோர்வதற்கு முன், முழு எடையோடோ அதற்கு நெருக்கமான எடையோடோ நாலைந்து டேக்குக்குள் முடித்துவிடுங்கள். வெறுமனே நடக்கும் தொலைவு ஷாட்டுகளுக்குப் பாதி எடை போதும். ஆனால் பாதித் தண்ணீர் கூடாது. அரைக்குடம் நிறைகுடத்தைவிட அதிகமாக அலம்பி, நடையையே மாற்றிவிடும். இறுகக் கட்டிய மணல் பையைக் குடத்தின் அடியில் அசையாதபடி திணித்துவிடுவது நல்லது. பெட்டி, பை, மூட்டை எதுவானாலும் எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஊருக்குப் புறப்படுபவரின் பெட்டியில் இரண்டு செங்கல்லைப் போட்டால் அவை ஒரு மூலைக்கு ஓடி, பெட்டி கோணிக்கொண்டு தொங்கும். பழைய துணியையும் புத்தகங்களையும் அடைத்தால் பெட்டி பெட்டியாகவே தொங்கும். தலைச்சுமை என்றால் சும்மாடு வேண்டும். அதை முறுக்கிச் சுற்றித் தலையில் வைக்கும் அந்த ஒரு செயலே, அவர் எத்தனை வருடமாகச் சுமக்கிறார் என்பதைச் சொல்லிவிடும்.

கைப்பழக்கம்

ஒரு தொழிலைச் செய்பவராக நடிக்கும்போது, அந்தத் தொழிலின் அசைவுகளைக் கற்றுக்கொண்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். பரோட்டா மாஸ்டரைக் கூர்ந்து பாருங்கள். எண்ணெயில் ஊறிய உருண்டையைத் தட்டி, விசிறி, கல்மேடையில் அடித்து, துணிபோல் மெலிந்ததும் சுருக்கிச் சுற்றி வைக்கிறார். இதையெல்லாம் அவர் தன் கையைப் பார்க்காமலேயே செய்கிறார். கண் வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளர் மேல் இருக்கும். வாய் சப்ளையரிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். உடம்பின் பாரத்தை ஒரு தொடையில் தாங்கி மேடையோரம் சாய்ந்திருப்பார். எண்ணெய்க்கை என்பதால் முகத்து வியர்வையை உள்ளங்கையால் துடைக்கமாட்டார். முழங்கைக்கு மேலே, புஜத்தால் ஒற்றிக்கொள்வார். வெந்த பரோட்டாக்களை அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்கும்போது, சூட்டுக்குக் கை தயங்காது. வேலையறியாத நடிகரைக் காட்டிக்கொடுப்பவை விசிறத் தெரியாத கைகள் என்பதைவிட, கையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் என்பேன்.

ஆகவே பயிற்சிக்கான அளவுகோல் எளிது. நடிகர் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அவரிடம் பதினேழாம் வாய்ப்பாட்டைக் கேளுங்கள், அல்லது நேற்று என்ன சாப்பிட்டார் என்று விசாரியுங்கள். பதில் சொல்லும்போது கை நின்றால் இன்னும் பழகவில்லை. கை ஓடிக்கொண்டே வாய் பதில் சொல்லத் தொடங்கும் நாளில், அவருக்கு வசனத்தைக் கொடுக்கலாம். அந்தத் தொழில் செய்யும் ஒருவரிடம் இரண்டு வாரமாவது தினமும் சில மணிநேரம் போய் நின்று பழகவேண்டியிருக்கும். அதற்காக அவருக்கு இழப்பாகும் நேரத்துக்கு உரிய பணத்தை மறக்காமல் கொடுத்துவிட வேண்டும். படம் முடிந்ததும் முதலில் தொகுத்த வடிவத்தை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். எந்த விமர்சகரும் சொல்லாத தவறை அவர் சொல்வார்.

தொழில் செய்பவரையே நடிக்க வைப்பது இன்னொரு வழி. விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தின் நாயகன் லாம்பெர்ட்டோ மாஜியொரானி, தொழில்முறை நடிகர் அல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. நம்மிடையே 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்தில் மலைப்பாதையில் ஏறி இறங்கும் கால்களைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பகுதி மக்களையே பெருமளவில் நடிக்க வைத்ததன் பலன் விளங்கும். அங்கே கால் பாதையைத் தேடுவதில்லை, பாதை காலுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவரின் உடம்பு அவருடைய வேலையில்தான் மெய்யாக இருக்கும். மூட்டை தூக்குபவரை மீன் வெட்டச் சொன்னால், அவரும் மற்றவரைப்போலக் கற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும்.

வேலையைத் திரையில் எவ்வளவு நேரம் காட்டலாம் என்ற கேள்விக்கு, 1975இல் ஷாந்தால் அகெர்மான் எடுத்த 'ழான் தீல்மன்' என்ற படத்தை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். 201 நிமிடம் ஓடும் அந்தப் படத்தில், ஒரு வீட்டுப்பெண்ணின் மூன்று நாள் வாழ்க்கையை டெல்ஃபின் செரிக் வாழ்ந்து காட்டுகிறார். உருளைக்கிழங்கு தோலுரிப்பது, பாத்திரம் கழுவுவது, படுக்கையை மடிப்பது எல்லாம் அவற்றுக்கு ஆகும் நேரத்திலேயே நடக்கின்றன. முதல் நாள் முழுக்க அவருடைய கையின் தாளத்தை நாம் கற்றுக்கொள்கிறோம். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடும்போது, ஒரு வீடு இடிந்ததுபோல் நமக்குப் பதறுகிறது. ஒரு பழக்கம் உடைவதைக் காட்ட வேண்டுமானால், அது உடையாமல் ஓடுவதை முதலில் பொறுமையாகக் காட்டியிருக்க வேண்டும். ஐந்து நிமிடக் குறும்படத்திலும் இதற்கு நாற்பது நொடி ஒதுக்கலாம்.

மூச்சு

களைப்பைக் காட்டச் சொன்னால், புதிய நடிகர் வாயைத் திறந்து தோளைத் தூக்கித் தூக்கி இளைக்கிறார். மெய்யாக மாடியேறி வந்தவரைப் பாருங்கள்: மூக்கு விடைக்கிறது, வயிறு வேகமாக உள்ளே போய் வெளியே வருகிறது, இளைப்பை அடக்கவே அவர் முயல்கிறார். பேசத் தொடங்கினால், வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு விடுவதில்லை. சொல்லுக்கு நடுவில், எதிர்பாராத இடத்தில் அறுந்துபோகிறது. அதனால் களைத்த மனிதருக்கு நீண்ட வசனம் எழுதுவது எழுத்தாளரின் பிழை. மூன்று மூன்று சொல்லாக எழுதிக் கொடுங்கள், அல்லது நடிகரை நிஜமாகவே நான்கு மாடி ஏறி இறங்கச் செய்து, அதே வசனத்தை அவர் எங்கெங்கே உடைக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அதன்படி திருத்துங்கள். டேக்குக்கு முன் ஒருமுறை ஓடிவரச் சொல்வது போதாது. கேமரா, ஒளி, ஃபோகஸ் என்று சரிபார்ப்பதற்குள் மூச்சு இறங்கிவிடும். எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு, அவர் ஓடி வந்து நிற்கும்போதே கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவரிடம் இதைக் கேட்கவே கூடாது என்பதால், முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது இயக்குநரின் கடமை.

தென்கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக்கின் 'ஓல்ட்பாய்' (2003) படத்தில், நடைபாதையில் ஒருவர் பலரோடு மோதும் சண்டை உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. அது வெட்டில்லாத ஒரே ஷாட். மூன்று நாட்களில் 17 டேக் எடுத்து அதை அடைந்தார்கள். பார்க்கும்போது நம்மைப் பிடித்துக்கொள்வது அடிகளின் அழகு அல்ல. நாயகன் சோய் மின்-சிக் நடுவில் நின்றுவிடுகிறார், சுவரில் சாய்கிறார், எதிரிகளும் குனிந்து மூச்சு வாங்குகிறார்கள், எவருக்கும் அடுத்த அடி எடுக்கத் தெம்பில்லை. அந்தத் தளர்ச்சி மெய். அவர் முதுகில் குத்தி நிற்கும் கத்தி மட்டும் கணினியில் சேர்க்கப்பட்டது. எதை மெய்யாக வைக்க வேண்டும், எதைப் பொய்யாகச் செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

வியர்வை பற்றி ஒரு சிறு குறிப்பு. முகம் முழுக்க ஒரே சீராகத் தண்ணீர் தெளிப்பது மழையில் நனைந்ததுபோல் இருக்கும். வியர்வை முடியோரத்திலும் மேலுதட்டிலும் கழுத்துக் குழியிலும் திரளும். சட்டையில் அக்குளும் நடுமுதுகும் நனையும். ஒப்பனை செய்பவருக்கு இதை வரைந்தே காட்டிவிடுங்கள்.

சண்டை, விழுதல், கேமரா

இந்தப் பகுதியில் முதலில் சொல்ல வேண்டியது பாதுகாப்பு. நிஜமாக அடித்தால்தான் நிஜமாகத் தெரியும் என்று சொல்லும் இயக்குநரோடு வேலை செய்யாதீர்கள். ஒருமுறை நான் உதவியாளராக இருந்த படப்பிடிப்பில், ஒத்திகையில்லாமல் கன்னத்தில் நிஜ அறை விட வைத்தார்கள். அறை வாங்கிய பெண் அடுத்த டேக்கில் அடி விழுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஷாட்டுகள் எதுவும் பயன்படவில்லை, அவருடைய நம்பிக்கையும் திரும்பி வரவில்லை. வலியை எதிர்பார்க்கும் உடம்பு முன்கூட்டியே இறுகிவிடும். கதையிலோ அந்தப் பெண் அடியை எதிர்பார்க்கவே இல்லை. அறையை மெய்யாக்குவது, அடிப்பவர் கையை எங்கே நிறுத்துகிறார் என்பதும், அடிபடுபவர் கழுத்தும் தோளும் இடுப்பும் எந்த வரிசையில் திரும்புகின்றன என்பதும்தான். சண்டைப் பயிற்சியாளரோடு அதைக் கால் வேகத்தில் நூறு முறை செய்து, பிறகு அரை வேகம், பிறகு முழு வேகம் என்று வர வேண்டும்.

விழுவதும் அப்படியே. மெய்யாக இடறியவர் விழக்கூடாது என்று போராடிக்கொண்டே விழுகிறார்; கை எதையாவது பிடிக்கத் தேடுகிறது, கால் இன்னோர் அடி எடுத்துவைக்க முயல்கிறது. நடிகரிடம் "விழுங்கள்" என்று சொல்லாமல், மெத்தை விரித்த தரையில், "விழாமலிருக்கப் பாருங்கள்" என்று சொல்லிச் சமநிலையைக் குலைத்துப் பழக்குங்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு காலடியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் பெரிய பலன் தரும். 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொன்ன 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்தில், ஷபீர் நடித்த டான்சிங் ரோஸை இடுப்புக்குக் கீழே மட்டும் காட்டினாலும் அடையாளம் சொல்லிவிடலாம். ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்த பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றோர் திரையில் சும்மா நிற்கும்போதுகூட அந்த நிற்றலில் ஓர் ஆள் இருப்பதற்கு, அவர்கள் பெற்ற உடற்பயிற்சிக்குப் பங்கு உண்டு என்று நம்புகிறேன். தெருக்கூத்து அடவோ சிலம்பமோ கற்றுக்கொள்வது அதைக் கேமரா முன் ஆடுவதற்காக அல்ல. பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று எப்போதும் அறிந்திருக்கும் உடம்பைப் பெறுவதற்காக.

உடம்பையே மாற்றிக்கொள்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். 1980இல் வந்த 'ரேஜிங் புல்' படத்துக்காக ராபர்ட் டி நீரோ ஏறத்தாழ 27 கிலோ கூடினார்; அதற்காகப் படப்பிடிப்பைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். மருத்துவரின் கண்காணிப்பும் அவ்வளவு நாள் காத்திருக்கும் பணமும் இல்லாத நமக்கு அது வழியல்ல. எடை கூடியவரின் நடையை, உட்காரும் முறையை, எழும்போது கை எதை ஊன்றுகிறது என்பதைக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு உடல்நலத்தைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

இத்தனையும் செய்துவிட்டுக் கேமராவைத் தவறான இடத்தில் வைத்தால் எல்லாம் வீண். மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டன் நடித்து 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், வீட்டின் முன்சுவர் முழுதாக அவர் மேல் சாய்கிறது. மேல்மாடிச் சன்னலின் திறப்பு அவர் நிற்கும் இடத்தில் சரியாக விழுவதால் தப்பிக்கிறார். அந்த ஆபத்தை எவரும் பின்பற்றக் கூடாது. பின்பற்ற வேண்டியது, சுவரும் மனிதரும் ஒரே சட்டகத்தில், வெட்டில்லாமல் இருப்பதை. உங்கள் காட்சியிலும் உடலின் முக்கியச் செயலை ஒருமுறையாவது தலை முதல் பாதம் வரை, துண்டிக்காமல் எடுத்துவிடுங்கள். தூக்கும் கணத்தில் முகத்தின் குளோசப்புக்குத் தாவுவது நம் தொடர்களில் ஊறிப்போன வழக்கம். எடை தெரியும் அந்த அரை நொடியைத்தான் அது வெட்டி எறிகிறது. வெட்ட வேண்டுமானால், பொருள் இடுப்பில் உட்கார்ந்த பிறகு வெட்டுங்கள். செயல் முடிந்ததும் "கட்" சொல்ல அவசரப்படாதீர்கள். இறக்கி வைத்தபின் வரும் இருபது நொடியில், விரல்களை மடக்கி நீட்டுவது, சிவந்த உள்ளங்கையைப் பார்ப்பது, தோளை உருட்டுவது என்று நடிகரே அறியாமல் செய்பவை நடக்கும். என் படங்களில் எனக்குப் பிடித்த நொடிகள் பெரும்பாலும் அங்கே கிடைத்தவை.

கடைசியாக டப்பிங். நம் படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரல் பிறகுதான் சேர்க்கப்படுகிறது. வெயிலில் மூட்டை சுமந்தவர், சில வாரம் கழித்து, குளிரூட்டிய அறையில் நின்று நிதானமான மூச்சோடு அதே வசனத்தைப் பேசுகிறார். படப்பிடிப்பில் பட்ட பாடு முழுதும் அந்த அறையில் கரைந்துவிடுகிறது. முடிந்தால் நேரடி ஒலிப்பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால், படப்பிடிப்பில் பதிவான வழிகாட்டு ஒலியைப் பத்திரமாக வைத்து, அதிலுள்ள மூச்சுகளை வசனத் தாளில் சொற்களுக்கு நடுவே கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அறைக்குள் இருபது தோப்புக்கரணம் போடச் சொல்லிவிட்டுப் பேசவிடுங்கள். சுமக்கும் காட்சி என்றால் கையில் எடையைக் கொடுங்கள். அந்தக் குடக் காட்சியை நான் மறுபடி எடுத்தபோது, டப்பிங்குக்கு அதே குடத்தில் தண்ணீர் நிரப்பி, மைக்குக்குக் கீழே தரையில் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, நடிகையின் இடுப்பில் ஏற்றிவிட்டோம். ஒலிப்பதிவாளருக்குத் தண்ணீர் தளும்பும் சத்தமும் இலவசமாகக் கிடைத்தது.